உயிருள்ளவருக்கு ஓர் அடக்க ஜெபம்

நெற்றி சூடாக இருந்தது. தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் போதகர் அந்தச் சூட்டைக் கொண்டுதான் அறிந்தார்.

அவருடைய வலக்கை நோயாளியின் நெற்றிமேல் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது; இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் அதற்கு யாரும் எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. “இந்த அடியானை எங்களுக்குத் தந்ததற்காக ஸ்தோத்திரம்” என்று அது தொடங்கிற்று. “இவருடைய உழைப்புக்காகவும் உண்மைக்காகவும் ஸ்தோத்திரம்” என்று தொடர்ந்தது. பிறகு சற்றும் தடுக்கி விழாமல், “பாடுகளெல்லாம் முடிந்து இளைப்பாறப் போன இந்த ஆத்துமாவை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். இவரை இழந்து தவிக்கிற மனைவியையும் மகளையும் தேற்றியருளும். இந்தச் சரீரத்தை நாங்கள் குழியில் இறக்குகிற இந்த வேளையில்…” என்று போய்க்கொண்டிருந்தபோது, உள்ளங்கையின் கீழே நெற்றி சுருங்கியது.

பெட்டிக்குள் கிடத்தப்பட்ட நெற்றிகள் சுருங்குவதில்லை. அவை குளிர்ந்திருக்கும், வேர்ப்பதும் இல்லை. இந்த நெற்றி வேர்த்திருந்தது.

“ஆமென்” என்றார் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நோயாளியின் மனைவி. போதகர் மூச்சு விடும் இடத்தில் ஆமென் சொல்வது அவருக்கும் பழக்கமாகியிருந்தது. சொல்லி முடித்த பிறகே, எதற்குச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் கண்ணைத் திறந்தார். கட்டிலில் கிடந்தவர் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், நான் இன்னும் போகல.”

அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்தவர் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார்.

கட்டிலில் கிடந்தவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். சபையில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே அழைத்தார்கள். வயது நாற்பத்தேழு. வயிற்றுக்குள் ஓடும் பெரிய இரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூனைப் போல ஊதியிருப்பதாகவும், அது எந்த நேரத்திலும் வெடிக்கலாம் என்றும் சொல்லி, மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவைச் சிகிச்சை குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போகத்தான் போதகர் வந்திருந்தார்.

“மன்னிக்கணும். வாய் தவறிடுச்சு” என்றார் போதகர். உடனே கண்ணை மூடி, நோயாளிக்குரிய சரியான ஜெபத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். அது பிசகாமல் வந்ததுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

படிக்கட்டில் இறங்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

பிழை எப்படி நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். ஊழியத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் சமயத்துக்கேற்ற ஜெபங்களைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார்: வீடு பிரதிஷ்டை, திருமணம், நோயாளி, அடக்கம் என்று. இளமைச் சோம்பலில், நோயாளியின் ஜெபத்துக்கும் அடக்க ஜெபத்துக்கும் ஒரே தொடக்கத்தை வைத்தார். முதல் இரண்டு வாக்கியங்கள் வரை இரண்டும் ஒன்று. அதன் பிறகே பாதை பிரியும். போன வாரம் மூன்று அடக்கங்கள். மூன்று முறை ஓடிய தடத்திலேயே வண்டி நான்காம் முறையும் ஓடிவிட்டது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் இறங்கிப் போயிருக்கலாம். அவரை அங்கே நிறுத்தி வைத்தது வேறொன்று. வாய் ஜெபித்துக்கொண்டிருந்தபோது தாம் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒயரை எந்தச் சுவர் வழியாகக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்? நினைவில்லை. அந்த மூன்று அடக்கங்களில்? நினைவில்லை. யாரும் கேட்காமல், யாருக்காகவும் அல்லாமல், தமக்காக வாய் திறந்தது எப்போது? பின்னால் போய்க்கொண்டே இருந்தார். தன் வீட்டு இருட்டறையில் சுவரைத் தேடிக் கை நீட்டினவனுக்குச் சுவர் அகப்படாததைப் போல இருந்தது.

மாலை நான்கு மணிக்கு, போதகர் கோயில் அலுவலகத்தில் இருந்தபோது, லிஃப்ட்காரரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, அவர் கையெழுத்துப் போடமாட்டேங்கறாரு.”

“எதுல?”

“ஆபரேஷன் தாள்ல. ‘ஆண்டவரே பாஸ்டர் வாயில வந்து சொல்லிட்டாரு, அப்புறம் வயித்தைக் கிழிச்சு என்ன ஆகப்போகுது? வீட்டுக்குப் போயே சாவறேன்’ங்கறாரு. பையைக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. பண்ணலைன்னா ஒரு வாரம் தாங்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. நாளைக்குக் காலைல ஒம்பது மணி வரைக்கும் பாப்பாங்களாம்.”

“நான் வாய் தவறிடுச்சுன்னு சொன்னேனே.”

“சொன்னேன் ஐயா. ‘முதல்ல வந்ததுதான் ஆண்டவர் சொன்னது, ரெண்டாவது பாஸ்டர் சமாளிச்சது’ங்கறாரு.” மறுமுனையில் குரல் தாழ்ந்தது. “நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. நீங்க சொன்னதைத்தானே இப்பவும் கேட்டிருக்காரு.”

தொலைபேசியை வைத்தபோது, எதிரில் அமர்ந்து கமிட்டிக் கூட்டத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த சபைச் செயலாளர் தலையை நிமிர்த்தினார். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதுகுக்குப் பின்னால் சபையார் அவரை அட்டவணை என்பார்கள்; அது அவருக்கும் தெரியும்; உள்ளூர அதில் அவருக்குப் பெருமைதான்.

“கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இது ரொம்பச் சாதாரண விஷயம் பாஸ்டர். நேராப் போயி, ‘ஜெபத்துல ஆண்டவர் எனக்கு உணர்த்தினாரு, நீ பொழைப்பே’ன்னு சொல்லுங்க. கையெழுத்து வந்துடும்.”

“அப்படி எதுவும் உணர்த்தலையே.”

“நீங்க ஜெபம் பண்ணினாத்தானே உணர்த்துவாரு? இப்ப போயிப் பண்ணுங்க. ஆறு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள உணர்த்திட்டாருன்னா நல்லது.”

“உணர்த்தலைன்னா?”

அட்டவணை தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டி நேராக்கினார். “பாஸ்டர், ஒரு உயிரு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு.”

போதகர் எழுந்து, கோயிலின் பின்பக்க நடையில் இருந்த ஜெப அறைக்குப் போனார். எட்டுக்கு எட்டு அளவுள்ள அறை அது. இந்தச் சபைக்கு வந்த புதிதில் அவரே கேட்டு வாங்கியது. ஒரு நாற்காலி, ஒரு சன்னல், ஒரு விளக்கு, வேறொன்றும் கூடாது என்று அவரே விதித்தது. சாவி திரும்பியது. கதவு நான்கு விரல் அகலம் திறந்து, பிறகு எதிலோ முட்டி நின்றது.

நாற்காலிகள். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவுவரை நெருக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு மேல் போன ஆண்டுக் கன்வென்ஷன் கூட்டத்துப் பேனர் சுருட்டிக் கிடந்தது. ஒரு வாரத்துக்கு மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தவர் அவர்தாம். எந்த வாரம் என்று நினைவுக்கு வரவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை. இடுக்கின் வழியே கையை உள்ளே விட்டார். விரல் நுனியில் ஒரு நாற்காலிக் கால் தட்டுப்பட்டது. உள்ளே இருட்டாக, சத்தமே இல்லாமல் இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: உள்ளே யாரையோ உட்காரவைத்து, இதோ வருகிறேன் என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வர மறந்துவிட்டோம். குரல் கொடுத்தால் பதில் வருமா என்று பார்க்க அவருக்குத் துணிவில்லை. பதில் வராவிட்டால் என்ன செய்வது?

நடையிலேயே முழந்தாளிட்டார். “இந்த நாளுக்காக…” என்று வாய் தொடங்கியது. அது வீடு பிரதிஷ்டை. நிறுத்தினார். “கூடிவந்திருக்கிற எங்கள்மேல்…” என்றது வாய். அது கமிட்டிக் கூட்டம். மறுபடி நிறுத்தினார். கடையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பவரைப் போல அவர் தேடத் தேட, வாய் ஒவ்வொரு தொடக்கமாக எடுத்து நீட்டிற்று. எல்லாமே மற்றவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தவை. கடைசியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார். தம் கைக்குக் கீழே தம் வாய் அசைய முயல்வது தெரிந்தது.

கமிட்டி ஆறு மணிக்குத் தொடங்கி ஏழே காலுக்கு முடிந்தது. தொடக்க ஜெபத்தைப் போதகர் அட்டவணையிடம் கொடுத்துவிட்டார். அட்டவணை நாற்பது வினாடியில் முடித்தார்.

வீட்டில் அவருடைய மனைவி சமையலறை மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. பாதி வேலை வீட்டுக்கும் வந்துவிடும். போதகர் நடந்ததையெல்லாம் சொன்னார். குழியில் இறக்குகிற இடம் வந்தபோது மனைவியின் தோள் குலுங்கியது; அடக்க முயன்றும் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதே.”

“இல்லைங்க, சிரிக்கல. போன மாசம் சாப்பாட்டுக்கு முன்னாடி ‘இந்த மணமக்களை ஆசீர்வதியும்’னீங்க. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகுது. சரி, மனுஷன் ஆசையாச் சொல்றாருன்னு விட்டுட்டேன்.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“அதைச் சொல்லல. மத்ததைச் சொன்னேன். நீங்க நீங்களா இல்லைன்னு மூணு தடவை சொன்னேன். ஈஸ்டர் முடியட்டும்னீங்க, கன்வென்ஷன் முடியட்டும்னீங்க, கமிட்டி முடியட்டும்னீங்க.”

போதகர் மேசைமேல் கிடந்த திருகாணிகளைப் பார்த்தார். அரிசிக் குருணையைவிடச் சிறியவை.

“எனக்கு உள்ள யாருமே இல்லையோன்னு பயமா இருக்கு” என்றார்.

மனைவி சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“செயலாளர் சொல்றதைச் சொன்னா அவர் கையெழுத்துப் போட்டுடுவாரு. நடந்ததைச் சொன்னா… ஜெபம் பண்ணத் தெரியாத பாஸ்டர்கிட்டயா இவ்வளவு நாள் தலையைக் குனிஞ்சோம்னு நினைப்பாரு. இன்னும் பயந்துடுவாரு. கையெழுத்தும் போடமாட்டாரு. அப்புறம் அந்தச் சாவு என் கணக்குல. ஞாயித்துக்கிழமை சபை முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.”

“ஆண்டவர் சொன்னாருன்னு நீங்க சொல்லி, அவர் கையெழுத்துப் போட்டு, உள்ள போயிச் செத்துட்டாருன்னா?”

போதகர் ஒரு திருகாணியை விரல் நுனியால் உருட்டினார்.

“அவரோட பொண்ணு உங்களைப் பாத்து என்ன கேக்கும்? அதை மட்டும்தான் யோசிச்சேன். மத்தபடி எனக்கு ஊழியமும் தெரியாது, ஆபரேஷனும் தெரியாது” என்று மனைவி மறுபடி திருகாணியை எடுத்தார். ஆனால் அதை அதன் துளையில் பொருத்த நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போதகர் ஐந்தாம் மாடி வார்டுக்குள் நுழைந்தார். லிஃப்ட்காரர் மருத்துவமனை உடையைக் கழற்றிவிட்டுத் தம் கோடுபோட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மடிமேல் பை. கட்டிலின் தலைமாட்டில், அட்டையில் செருகிய படிவம். கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. மனைவி சுவரோடு ஒட்டி நின்றார். மகள் வெளியூர்க் கல்லூரியிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தாள்.

“வாங்க பாஸ்டர். நேத்தே அடக்கம் முடிஞ்சுபோச்சே. இன்னைக்கு எதுக்கு வந்தீங்க, பாலூத்தவா?”

“என்னங்க!” என்றார் மனைவி.

“விடு. செத்தவன் என்ன வேணா பேசலாம்.”

கேலி பேசிய வாய்தான். ஆனால் பையைப் பற்றியிருந்த விரல்களின் கணுக்கள் வெளுத்திருந்தன. போதகர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் நாவின்மேல் ஆயத்தமாக இருந்தது. படியேறி வரும்போதே வாய் அதை அழகாகச் செய்து முடித்திருந்தது. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட.

“நேத்து ஜெபத்துல…” என்று தொடங்கினார்.

லிஃப்ட்காரரின் முகம் சட்டென்று மேலே எழும்பிற்று. கேலியெல்லாம் கழன்று விழுந்தது. நான்கு நாள் பட்டினி கிடந்தவனுக்கு முன்னால் தட்டை வைத்ததைப் போல அவர் கண்கள் போதகரின் வாயையே பார்த்தன. அந்தத் தட்டில் என்ன போட்டாலும் அந்த மனிதர் விழுங்குவார்.

“ஜெபத்துல? சொல்லுங்க பாஸ்டர். ஜெபத்துல?”

“நேத்து ஜெபத்துல நான் இல்ல” என்றார் போதகர்.

“என்னது?”

“வாய் மட்டும்தான் ஜெபம் பண்ணிச்சு. நான் ஸ்பீக்கர் ஒயரை எந்தப் பக்கம் கொண்டுபோறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நோயாளி ஜெபமும் அடக்க ஜெபமும் என் நோட்டுல ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். போன வாரம் மூணு அடக்கம். வாய் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. ஆண்டவர் என் வாயில வரல. என் வாயில நானே இல்ல.”

மாவுக்கட்டுக்காரர் உறங்குபவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார்.

“எத்தனை நாளா இப்படி?” என்றார் லிஃப்ட்காரர்.

“எண்ணிப் பாத்தேன். எண்ண முடியல.”

“எங்கம்மா அடக்கத்துக்கு?”

போதகருக்குப் பொய் சொல்ல இன்னும் வழி திறந்துதான் இருந்தது. “இருந்தேன்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியல.”

“அன்னைக்கு நீங்க அழுதீங்களே பாஸ்டர்.”

“அழுதேன்.”

லிஃப்ட்காரர் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகு மேலும் கீழும் ஏறி இறங்கியது. எட்டு இருபதுக்குச் செவிலியர் வந்து, “என்ன சார் முடிவு பண்ணீங்க? ஒம்பதுக்கு மேல அடுத்த ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுந்து போய்விடலாம் என்று போதகருக்குத் தோன்றியது. தாம் சொன்ன உண்மை இந்த மனிதரைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எழக் கால் வரவில்லை.

“எங்க வேலையில மாசா மாசம் ஒரு தாள் உண்டு” என்றார் லிஃப்ட்காரர், சுவரைப் பார்த்தபடியே. “கயிறு, பிரேக், கதவு, எல்லாம் பாத்தாச்சுன்னு டிக் போட்டுக் கையெழுத்துப் போடணும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பதினோரு மாடிக் கட்டடம். பத்து மாசம் அந்தத் தாளை எதிர்த்த டீக்கடையில உக்காந்தே டிக் போட்டேன். உள்ளயே போகல.”

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. லிஃப்ட் பாட்டுக்கு ஓடிச்சு. ஜனங்க ஏறுவாங்க, இறங்குவாங்க, என்னைப் பாத்தா சிரிப்பாங்க. ஒரு நாள் என்னையே பதினோராவது மாடிக்குக் கூப்பிட்டாங்க. லிஃப்ட் முன்னாடி நின்னேன். கதவு தொறந்துச்சு. கால் வைக்க முடியல. படியில ஏறினேன். மூணு மாசம் அந்தக் கட்டடத்துல நான் படியிலதான் ஏறினேன். மத்தவங்களை மட்டும் லிஃப்ட்ல அனுப்பிக்கிட்டு இருந்தேன்.” திரும்பிப் போதகரைப் பார்த்தார். “இதை இவகிட்டக்கூடச் சொன்னதில்ல.”

சுவரோடு நின்ற மனைவி, சொன்னதில்லை என்பதற்குச் சாட்சியாகத் தலையை ஆட்டினார்.

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்றது? ஒரு ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வராம அங்க போயி மொத்தத்தையும் கழட்டிப் பாத்தேன். கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. பிரேக் கட்டைதான் காகிதம் மாதிரி தேஞ்சிருந்துச்சு. கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். வேர்த்துக் கொட்டுது. அடுத்த வாரம் ‘ஏன் வரல’ன்னு நீங்க கேட்டீங்க. காய்ச்சல்னேன்.”

“ஞாபகம் இருக்கு” என்று சொல்ல வாயெடுத்த போதகர், “ஞாபகம் இல்ல” என்றார்.

லிஃப்ட்காரரின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “பொழைப்பேனா பாஸ்டர்?”

“எனக்குத் தெரியாது.”

“ஆண்டவர் ஒண்ணுமே சொல்லலையா?”

“நான் கேட்டே ரொம்ப நாளாச்சு.”

“டாக்டர் நூத்துக்குத் தொண்ணூறுங்கறாரு.” அவர் படிவத்தை எட்டி எடுத்து, முன்னும் பின்னும் புரட்டினார். “மூணு படம் எடுத்தாரு. எடுத்த ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல வச்சு என் கண்ணு முன்னாடியே பாத்தாரு. ஒரு படத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னாரு.” யோசித்தார். “இந்த விஷயத்துல உள்ள பாத்துட்டு டிக் போட்டவரு அவர் ஒருத்தர்தான். பேனா இருக்கா?”

போதகர் பேனாவைக் கொடுத்தார். லிஃப்ட்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தின் நான்கு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தார். செவிலியர் வாசலில் நின்று மணியைப் பார்த்தார். எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்து விழுந்தது.

சட்டையைக் கழற்றி மறுபடி மருத்துவமனை உடையை மாட்டிக்கொண்டு படுத்த பிறகு, லிஃப்ட்காரர் சொன்னார்: “இப்ப ஒரு ஜெபம் பண்ணுங்க. அந்த நோட்டுல இருக்கறது வேண்டாம்.”

“என்கிட்ட வேற எதுவும் இல்லையே.”

“இருக்கறதைப் பண்ணுங்க.”

போதகர் நெற்றிமேல் கை வைத்தார். சூடாக இருந்தது. “இந்த அடியானை…” என்று வாய் புறப்பட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினார். அடுத்து ஒன்றும் வரவில்லை. வெளியே ஒரு தள்ளுவண்டி கடகடத்துப் போனது. யாரோ ஒருவரின் மாத்திரைத் தட்டு கீழே விழுந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, பிறகு இன்னொன்று. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு நோயாளியின் கட்டிலருகே அவர் இவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை. நேற்று கதவிடுக்கில் கையை விட்டபோது இருந்த அதே இருட்டு, அதே சத்தமின்மை. இம்முறை கையை வெளியே இழுத்துக்கொள்ள முடியாது. கைக்குக் கீழே ஒரு மனிதர் இருந்தார்.

“ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு” என்றார் போதகர்.

“அது நான் சொல்ல வேண்டியது பாஸ்டர்” என்றார் லிஃப்ட்காரர், கண்ணைத் திறக்காமல்.

“எங்க ரெண்டு பேருக்கும் பயமா இருக்கு.”

“மூணு பேருக்கும்” என்றார் கால்மாட்டிலிருந்து மனைவி.

“மூணு பேருக்கும். நீர் இருக்கீரா?”

வேறெதுவும் வரவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து, இம்முறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே ஆமென் சொன்னார். தம்மை யாரும் சேர்த்துக்கொள்ளாதிருந்தும், மாவுக்கட்டுக்காரரும் ஆமென் சொன்னார்.

பத்து மணிக்குப் படுக்கைவண்டியை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கதவு மூடுவதற்கு முன் லிஃப்ட்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், காதைக் கொடுத்து ஏதோ கேட்டார், “இது யாரு பராமரிக்கறது?” என்று தள்ளுகிறவரைக் கேட்டார். பதில் வருவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு நான்கரை மணி நேரம். காத்திருக்கும் நடையில் பெஞ்சின் ஒரு முனையில் மனைவி, மறுமுனையில் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த மகள், நடுவில் போதகர். “பாஸ்டர் அங்கிள், அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று மகள் கேட்டாள். “எனக்குத் தெரியாதும்மா” என்றார். அவள் அழுதாள். அவளைத் தேற்றுவதற்கான நல்ல வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, எழுந்து போய் அவளுக்கு ஒரு தேநீர் வாங்கி வந்தார். அறுவை அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் மூவரும் எழுந்தார்கள், மூடும்போதெல்லாம் உட்கார்ந்தார்கள். இடையிடையே, உதடு அசையாமல், காலையில் கேட்ட அந்த ஒரே கேள்வியைப் போதகர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. கேட்பதை அவரும் விடவில்லை.

இரண்டரை மணிக்கு மருத்துவர் வந்து, ஊதிய இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தாயிற்று என்றும், மயக்கம் தெளிகிறது என்றும், ஒருவர் மட்டும் இரண்டு நிமிடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். மனைவி உள்ளே போய்த் திரும்பினார்.

“நெத்தியத் தொட்டுப் பாத்தேன்” என்றார். “சூடாத்தான் இருக்கு.”

போதகர் அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனார். ஜெப அறைக் கதவின் இடுக்கு வழியாகக் கையை விட்டு, முதல் அடுக்கை உட்பக்கமாகச் சாய்த்து, கதவு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் மேல் நாற்காலியை வெளியே இழுத்தார். பிறகு இரண்டாவது. பன்னிரண்டாவதை இழுக்கும்போது அட்டவணை வந்து நின்றார்.

“ஆண்டவர் உணர்த்தினாரா பாஸ்டர்?”

“இல்ல.”

“அப்புறம் எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?”

“டாக்டர் படம் எடுத்து உள்ள பாத்திருக்காராம்.”

அட்டவணையின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அது அடங்கவில்லை. “நீங்க அவர்கிட்ட என்னதான் சொன்னீங்க?”

“ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றார் போதகர். “அன்னைக்கு ஆரம்ப ஜெபத்தையும் நீங்களே பண்ணுங்க.”

“நாற்பது செகண்டுல முடிச்சிடுவேன்” என்று எச்சரித்துவிட்டு அட்டவணை சட்டைக் கையை மடித்தார். “இதையெல்லாம் எங்க வைக்கறது? அறுபது நாற்காலி.”

“தெரியல. நடையில வைங்க.”

இருவரும் இழுத்தார்கள். ஐம்பத்தொன்பதை வெளியே எடுத்தபோது நடையில் நடக்க இடமில்லை. உள்ளே மிஞ்சியது ஒன்று. பிளாஸ்டிக் அல்ல, பழைய மரநாற்காலி. தூசு பிடித்து, சன்னலைப் பார்த்தபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. அறுபது என்று எண்ணியிருந்ததில் அதையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.

அட்டவணை மணியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போதகர் வாசற்படியில் நின்றார். கதவு இப்போது முழுவதும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. யாரும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையில் வேர்த்ததைவிட அதிகமாக இங்கே வேர்த்தது. கையை எடுத்துத் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.